நியூ ஹேவன் நாட்குறிப்பு: ஒரு சர்வேயர் விட்டுப் போன மைதானம்

வியாழன்

நியூ யார்க் கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ நார்த் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நியூ ஹேவன். வலது பக்கம் உட்கார்ந்தால் வழியில் அவ்வப்போது கடல் தெரிகிறது. தம்பி மகன் ஸ்டேஷனில் காத்திருந்தான். யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். என்னை அழைத்துப்போக வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தான்: நூலகங்கள், அருங்காட்சியகம், ஹார்க்னஸ் கோபுரம்.

"எல்லாம் பார்க்கலாம்டா. ஆனா முதல்ல உங்க கோல்ஃப் மைதானத்தைப் பத்திச் சொல்லு" என்றேன்.

"அத்தை, நீங்க கோல்ஃப் ஆடினதே இல்லையே?"

ஆடியதில்லை, இனிமேலும் ஆடப்போவதில்லை. என் தேடல் வேறு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பல வருடம் நில அளவை சொல்லிக்கொடுத்தேன். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டம்பி லெவலும், அளவுக்கோலான ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு வெயிலில் மாணவர்களோடு காண்டூர் (சம உயரக் கோடுகள்) எடுத்த காலத்தில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: செத் ரேய்னர். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் சர்வே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பிறகு அந்த நாட்டின் மிகச் சிறந்த கோல்ஃப் மைதானங்கள் சிலவற்றை அமைத்தவர். அவரோ கோல்ஃப் அதிகம் ஆடாதவர். நில அளவையாளர் என்றால் பட்டா அளக்க வருகிறவர் என்று மட்டும் நினைக்கிற மாணவர்களிடம் அவரைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் போட்ட பெரிய வேலைகளில் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அதை நடந்து பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

இரவு வூஸ்டர் தெருவில் ஃபிராங்க் பெப்பே கடையில் தக்காளி மட்டும் போட்ட பீட்சா. ஓரம் கருகி, நடுவில் மெல்லிசாக, நன்றாகவே இருந்தது. கடை தொடங்கிய வருடம் 1925. அதே வருடம் ஊரின் மேற்குக் கோடியில் மைதானத்துக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி

காலையில் வளாகத்தைச் சுற்றி வந்தோம். பைனெக்கி நூலகத்தின் சுவர்கள் மெல்லிய சலவைக்கல். வெயில் பட்டால் கல்லே தேன் நிறத்தில் ஒளிவிடுகிறது. பழைய சுவடிகளின் மேல் நேரடி வெளிச்சம் விழாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அரிய நூல்களுக்கு இத்தனை கரிசனம் காட்டுகிற இடம் இது என்பதை மனதில் குறித்துக்கொண்டேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தமிழர்கள் இங்கே வந்தால் எலிஹு யேலைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில்தான் 1680இல் அவருக்குத் திருமணம் நடந்தது. சின்ன வயதிலேயே இறந்துபோன அவர் மகனின் கல்லறை இன்றும் சென்னையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி நிற்கிறது. சொந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார், அதனாலேயே பதவியும் போனது. அவர் ஆட்சியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அதை மறந்துவிட்டு அவர் கொடையை மட்டும் பேசுவது நியாயமில்லை. 1718இல் அவர் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. விற்று வந்த 562 பவுண்டில் கல்லூரிக் கட்டடம் எழுந்தது, கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. கோல்ஃப் மைதானத்தின் முதல் குழிக்கும் அவர் பெயர்தான்: ஈலை, எலிஹுவின் சுருக்கம். (கோல்ஃபில் குழி என்றால் பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொடி நிற்கும் துளை வரை உள்ள முழு வழி.)

மைதானத்தைக் கொடுத்தவரோ வேறு ஒருவர். பேய்ன் விட்னி உடற்பயிற்சிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரே டாம்ப்கின்ஸ் இல்லம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. விளையாட்டுத் துறையின் அலுவலகம். ரே டாம்ப்கின்ஸ் 1884ஆம் வருட மாணவர், கல்லூரிக் கால்பந்து அணியின் கேப்டன் (இவர்கள் ஊர்க் கால்பந்து, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது). அவர் காலமான பிறகு மனைவி சாரா வே டாம்ப்கின்ஸ் 1924இல் நியூ ஹேவனுக்கு மேற்கே சுமார் 700 ஏக்கர் நிலத்தைக் கணவர் நினைவாகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அது கிரீஸ்ட் குடும்பத்தின் எஸ்டேட். தையல் எந்திரத்துக்குத் துணைக் கருவிகள் செய்து விற்றுச் செழித்த குடும்பம். நிலம் என்று சொன்னேனே தவிர, பெரும்பாலும் காடு, சதுப்பு, பாறை. வீடு கட்டவும் உதவாது, உழவும் முடியாது.

அந்தக் காலத்தில் யேல் மாணவர்களுக்குச் சொந்தமாக மைதானம் இல்லை, வேறு கிளப்புகளின் மைதானங்களில் ஆடினார்கள். ஆனால் ஆட்டத்தில் குறையே இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான கோல்ஃப் போட்டி 1897இல் முதன்முதலாக நடந்தபோது வென்றது யேல். 1905 முதல் 1913 வரை ஒரு வருடம்கூட விடாமல் வென்றார்கள். மொத்தம் 21 பட்டங்கள். இன்றுவரை வேறெந்தக் கல்லூரியும் அதை எட்டவில்லை. கடைசிப் பட்டம் 1943இல். அதாவது பெரும்பாலான வெற்றிகள் இந்த மைதானம் வருவதற்கு முன்பே கிடைத்தவை. வெற்றி தேடி மைதானம் கட்டவில்லை, ஏற்கெனவே வென்றவர்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இங்கே படித்த ஜெஸ் ஸ்வீட்ஸர் 1922இல் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றார். 1926இல் பிரிட்டிஷ் அமெச்சூரையும் வென்றார். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை.

மாலையில் யேல் பௌல். 1914இல் திறந்த அரங்கம். தரையைத் தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகப் போட்டு, அதன் மேல் இருக்கை வரிசைகள். வெளியே நின்று பார்த்தால் அத்தனை பெரிய அரங்கம் என்று நம்ப முடியாது. சுரங்க வழியாக உள்ளே நுழைந்ததும் கால்கள் நின்றுவிடுகின்றன. வெட்டிய மண் எவ்வளவு, நிரப்பிய மண் எவ்வளவு என்று சரிக்கட்டுவதுதான் எங்கள் வேலையின் அடிப்படைக் கணக்கு. இந்த ஊர்க்காரர்கள் கோல்ஃப் மைதானத்துக்குப் பத்து வருடம் முன்பே அந்தக் கணக்கில் கை தேர்ந்திருக்கிறார்கள்.

சனி

யேல் பௌலைத் தாண்டி வெஸ்ட்வில் பகுதிக்குள் போய், குடியிருப்பு முடிகிற இடத்தில் காட்டுக்குள் ஒரு பாதை திரும்புகிறது. அவ்வளவுதான், ஊர் காணாமல் போய்விடும். அக்டோபர் என்பதால் மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. இவன் உறுப்பினர், நான் விருந்தாளி. இவன் ஆட, நான் நடக்க என்று ஏற்பாடு. எங்களுக்குக் கிடைத்தது பிற்பகல் நேரம், இருட்டுவதற்குள் முதல் ஒன்பது குழிகள்தான் முடிந்தன.

முதல் டீயிலேயே, அதாவது பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலேயே, எதிரே குளம். கிரீஸ்ட் குளம் என்று பெயர். பந்து தண்ணீரைத் தாண்டி விழ வேண்டும். இவன் பந்து தாண்டியது. பிறகு நடக்கத் தொடங்கினோம், நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

வரைபடத்தில் பார்த்தபோது புரியாத ஒன்று காலால் நடந்ததும் புரிந்தது. இந்த நிலம் கோல்ஃபுக்கு இணங்கவே இல்லை. பனியுகத்தில் பனியாறுகள் இழுத்துவந்து போட்ட கல்லும் மேடும் பள்ளமும். பாறை முதுகுகள் அங்கங்கே புல்லுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றன. இரண்டு மேடுகளுக்கு நடுவே முன்பு சதுப்பு இருந்த இடம் இன்றும் ஈரமாக இருக்கிறது, செருப்பு அழுந்துகிறது. இதன் மேல் பதினெட்டுக் குழிகளை ஓட்டியிருக்கிறார் ரேய்னர். மரங்களை வெட்டி, பாறைக்கு வெடி வைத்து, நீராவி மண்வாரி கொண்டு அள்ளி, சதுப்பை வடித்து, மண் கொண்டுவந்து கொட்டி எழுப்பிய மைதானம். செலவு 4 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைக்கு ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அது மிகப் பெரிய தொகை.

எனக்கு மிகவும் பிடித்தது, செய்த வேலையை அவர் மறைக்கவில்லை என்பது. வேறு மைதானங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன், மண் மேடுகள் இயற்கையாக இருப்பதுபோல் நெளிந்து வளைந்து கிடக்கும். ரேய்னர் அப்படிப் போடுவதில்லை. க்ரீனின் (துளையைச் சுற்றிப் புல்லை ஒட்ட மழித்த பகுதி) ஓரங்கள் நேர்கோடு, மூலைகள் சதுரம். மணல் குழியின் அடிப்பக்கம் மட்டம், சுவர் செங்குத்து. ரயில்பாதைக் கரையைப் பார்த்தால் மனிதன் போட்ட மண் என்று தெரியுமே, அதே தெளிவு. இரண்டாவது குழியில் க்ரீனின் இடது பக்கத்தில் இருக்கும் பங்கருக்குள், அதாவது மணல் குழிக்குள், இறங்கிப் பார்த்தேன். மேலே நின்ற இவனுடைய தலை மட்டும் தெரிந்தது. ஐந்தாவது குழி சின்னது, மேட்டின் மேல் ஒரு க்ரீன், சுற்றிலும் மணல். அந்த மேட்டின் சரிவு எங்கும் ஒரே சீராக இறங்குகிறது. சரிவுக்கு அளவு வைத்து, முளை அடித்து, கயிறு கட்டிச் செய்யாமல் அப்படி வராது. யார் செய்தாரோ, நன்றாகச் செய்திருக்கிறார்.

அப்புறம் ஒன்பதாவது குழி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உயரமான டீ. கீழே மறுபடியும் அதே கிரீஸ்ட் குளம். அந்தக் கரையில், 200 கெஜத்துக்கும் அப்பால், க்ரீன். அந்த க்ரீனின் நீளம் 60 கெஜத்துக்கும் மேல். நடுவே குறுக்காக ஒரு பள்ளம், ஆழம் ஐந்து அடிக்கும் மேல். பள்ளமும் க்ரீன்தான், அதே மழித்த புல். கொடி பள்ளத்துக்குப் பின்னால் இருந்தால், முன் பகுதியில் விழுகிற பந்து பள்ளத்தில் இறங்கி, கண்ணுக்கு மறைந்து, எதிர்க்கரையில் ஏறி மறுபடி தெரிய வேண்டும். இவன் அடித்த பந்து முன்பகுதியில் விழுந்தது, உருண்டது, இறங்கியது. ஏறி வரவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது பள்ளத்தின் அடியில் கிடந்தது.

நான் அந்தப் பள்ளத்துக்குள் குறுக்காக நடந்தேன். என் தோள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் புல் கரை. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன்; இத்தனை பெரிய பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் க்ரீன் அழுகிவிடும். இரண்டு ஓரத்துக்கும் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். நடுவே நின்று பார்த்தால் தெரியாது, ஓரத்தில் குனிந்து பார்த்தால் தெரிகிறது. ஆட்டக்காரனைத் திணற வைக்கிற அதே பள்ளம் வடிகாலாகவும் இருக்கிறது. இதை வரைந்தவருக்கு ஆட்டம் அவ்வளவாக வராது என்று சொன்னால் யார் நம்புவார்கள்! ஆட்டம் எப்படிப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, தண்ணீர் எப்படிப் போகும் என்பதும் தெரிந்திருந்தது.

ஞாயிறு, திங்கள்

இரண்டு நாளும் மழை. வீட்டில்தான். இவன் மனைவி வைத்த ரசம், நான் செய்த உருளைக்கிழங்கு பொடிமாஸ். இவனுடைய மேசையில் மைதானத்தைப் பற்றிச் சேர்த்து வைத்த காகிதங்கள். ரேய்னரின் கதையை ஆரம்பத்திலிருந்து எழுதிவிடுகிறேன்.

அது ரேய்னருக்கு முன்னால் சார்லஸ் பிளேர் மெக்டோனல்டிடம் தொடங்குகிறது. 1855இல் பிறந்தவர், சிகாகோவில் வளர்ந்தவர். பதினாறு வயதில், 1872இல், ஸ்காட்லாந்தில் தாத்தா வீட்டில் தங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். படிப்போடு கோல்ஃபும் ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் ஓல்ட் டாம் மோரிஸ் என்ற பெரியவர், கோல்ஃபின் பிதாமகர் என்றே சொல்லலாம். கிளப் வீட்டுக்குள் சிறுவர்களை விட மாட்டார்கள் என்பதால் தாத்தா அந்தப் பெரியவரின் கடையில் பேரனுக்கு ஒரு அலமாரி பிடித்துக் கொடுத்தார். ஒரு பல்கலைக்கழக ஊரில் மாணவனாகக் கற்றதை அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு பல்கலைக்கழக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார் இந்த மனிதர். எனக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

திரும்பி வந்து சிகாகோவில் அமெரிக்காவின் முதல் பதினெட்டுக் குழி மைதானத்தை அமைத்தார். 1895இல் முதல் அமெரிக்க அமெச்சூர் போட்டியை வென்றார். ஆனால் அவர் மனது ஸ்காட்லாந்திலேயே இருந்தது. அங்கே நூற்றாண்டுகளாக ஆடி ஆடித் தேர்ந்த சில குழிகளின் உள்ளடக்கத்தை எடுத்து அமெரிக்க மண்ணில் வைக்க வேண்டும் என்று ஆசை. 1902 தொடங்கிப் பலமுறை கடல் கடந்து போய், நல்ல குழிகளைப் பார்த்து, படம் எழுதி, அளவுகளோடு திரும்பினார். நியூ யார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் பகுதியில் ஒரு நிலம் வாங்கினார். அதை அளக்க ஒரு உள்ளூர் சர்வேயரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் செத் ரேய்னர்.

பிரின்ஸ்டனில் பொறியியல் படித்தவர், 1874இல் பிறந்தவர். அளந்து கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டியவர். மெக்டோனல்ட் கொண்டுவந்த படங்களை எடுத்து, தன் காண்டூர் வரைபடத்தின் மேல் பொருத்தி, எந்தக் குழி எந்த மேட்டில் உட்காரும் என்று அவர் காட்டியதும் மெக்டோனல்ட் அவரை விடவில்லை. நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் அப்படி உருவானது. அதன்பிறகு வேலைக்கு மேல் வேலை. 1924இல் யேல் அழைத்தபோது மெக்டோனல்டுக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலோசனை சொன்னார். வரைந்ததும் அமைத்ததும் ரேய்னர்.

யேல் மைதானத்தின் குழிகளில் பல இப்படி வேறு மண்ணிலிருந்து வந்தவை. ரோட், ஈடன் என்ற குழிகள் இரண்டும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17ஆம், 11ஆம் குழிகளிலிருந்து. ரெடான், வடக்கு பெரிக் ஊரிலிருந்து. ஒன்பதாவது குழியான பியாரிட்ஸ், பிரான்ஸ் கடற்கரையில் இருந்த ஒரு குழியிலிருந்து. அந்த மூலக் குழி இன்று இல்லை. நகல்தான் மிஞ்சியிருக்கிறது. இதை நகல் என்றும் சொல்லக்கூடாது. கீர்த்தனை ஒன்றுதான், பாடுகிறவரின் குரலுக்கும் அன்றைய கச்சேரிக்கும் ஏற்ப அது வேறாக ஒலிக்கிறதல்லவா? மணலும் கடற்காற்றும் உள்ள இடத்தில் பிறந்த வடிவத்தைப் பாறைக்காட்டில் வைக்கும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. பெரிக்கின் ரெடான் கடலோர மேட்டில் இருக்கிறது, இங்கே அதே வடிவம் தண்ணீருக்கு அப்பால், சரிவில் கீழே.

மூன்றாவது ஆள் சார்லஸ் பேங்க்ஸ். யேலில் 1906ஆம் வருட மாணவர். ஹாட்ச்கிஸ் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். அந்தப் பள்ளிக்கு மைதானம் போட ரேய்னர் வந்தார். பேங்க்ஸ் அவரோடு பேசிப் பழகி, வாத்தியார் வேலையையே விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டார். யேலில் கட்டுமானத்தை அவர் கவனித்தார். வேலை முடிகிற சமயத்தில், 1926 ஜனவரியில், ஃபுளோரிடாவில் ரேய்னர் நிமோனியாவில் இறந்தார். வயது 51. கலிஃபோர்னியாவில் சைப்ரஸ் பாயின்ட் என்ற மைதானமும் அவர் கைக்கு வந்திருந்தது. அது வேறொருவருக்குப் போனது. யேல் மைதானம் 1926 ஏப்ரல் 15 அன்று திறக்கப்பட்டது. மூன்று மாதம் கூட இடைவெளி இல்லை. பேங்க்ஸும் 1931இல் போய்விட்டார்.

மழை சன்னலில் அடிக்க அடிக்க இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தான் லெவல் எடுத்த க்ரீனில் ஒரு பந்து உருள்வதைப் பார்க்காமல் போய்விட்டார் அந்த மனிதர்.

செவ்வாய்

வானம் வெளுத்துவிட்டது. இவன் அரை நாள் விடுப்பு போட்டான். மீதி ஒன்பது குழிகள். தரை சொதசொதவென்று இருந்தது, எனக்கு அதுவே வசதி. மழைக்குப் பிறகு நடந்தால்தான் ஒரு நிலத்தின் வாட்டம் சரியாகத் தெரியும்.

பத்தாவது குழியில் மூச்சு வாங்கியது. க்ரீன் வானத்தில் இருக்கிறது. பதினேழில் க்ரீனுக்கு முன்னால் மேட்டோடு கூடிய பங்கர் பார்வையை மறைக்கிறது. பதினெட்டு 600 கெஜத்துக்கு மேல் நீளம், நடுவே மலைபோல் ஒரு பாறை மேடு. மேலே ஏறிப் போகலாம், கீழே ஒதுங்கியும் போகலாம். இதை அபத்தம் என்று திட்டுகிற ஆட்டக்காரர்கள் உண்டாம். நான் திட்ட மாட்டேன். அந்த மேட்டை வெடி வைத்துத் தகர்க்கக் கையில் மருந்தும் பணமும் இருந்தும், அதை விட்டு வைத்து வழியை அதன் மேல் ஓட்டியிருக்கிறார்கள். எதை வெட்ட வேண்டும் என்பதைவிட எதை வெட்டக்கூடாது என்பது கடினமான முடிவு.

பதிமூன்றாவது குழிப் பக்கத்தில் இரண்டு மாணவிகள் பைகளைச் சுமந்துகொண்டு எங்களைக் கடந்து போனார்கள். இளங்கலைப் படிப்புக்குப் பெண்களை யேல் சேர்த்துக்கொண்டது 1969இல்தான். சாரா டாம்ப்கின்ஸ் இந்த நிலத்தைக் கொடுத்தபோது, அதில் உரிமையோடு வந்து ஆடும் இளங்கலை மாணவி ஒருத்திகூட இல்லை. கொடுத்தவர் பெண், அளந்தவர் அதிகம் ஆடாதவர். இந்த மைதானத்துக்கு அவர்கள் இருவரும்தான் முக்கியம். இருவர் பெயரும் பெரும்பாலோர் வாயில் வருவதில்லை.

இனி, நான் பார்த்தபோது மைதானம் இருந்த நிலை. பழைய படங்களோடு ஒப்பிட்டால் பல மாற்றங்கள் தெரிகின்றன. யாரும் திட்டம் போட்டுக் கெடுக்கவில்லை. புல் வெட்டுகிறவர் ஓரத்தில் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வெட்டுவார். அடுத்த வருடம் இன்னொரு விரற்கடை. ஐம்பது வருடத்தில் சதுர க்ரீன் வட்டமாகச் சுருங்கிப்போகும். பராமரிக்கக் கஷ்டம் என்று ஒரு பங்கரை மூடுவார்கள். வெட்ட மனமில்லாமல் விட்ட மரம் வளர்ந்து ஆட்டத்தின் வழியை மறைக்கும். இங்கே எல்லாம் நடந்திருக்கிறது. 1990களில் பங்கர்களைத் திருத்தியமைத்த வேலையும் ரேய்னரின் கோட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்று வரலாறு தெரிந்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். 2000களில் மரங்களைக் குறைத்து, க்ரீன்களைப் பழைய விளிம்புக்குத் திருப்பும் நல்ல முயற்சி நடந்தது. பிறகு 2020இல் கோவிட் வந்து ஆட்கள் இல்லாமல் மறுபடி பின்னடைவு.

இத்தனைக்கும் அடியில் எலும்பு அப்படியே இருக்கிறது. மண்ணை நகர்த்த இங்கே செலவு மிக அதிகம், பாறை அப்படி. அதனால் பெரிய மாற்றம் செய்ய யாருக்கும் எளிதில் துணிவு வந்திருக்காது என்று நினைக்கிறேன். பணம் கொழித்த தனியார் கிளப்புகளில் பத்து வருடத்துக்கு ஒரு வடிவமைப்பாளர் வந்து எதையாவது மாற்றிவிட்டுப் போனார். ரேய்னர் போட்ட வேறு சில மைதானங்கள் அப்படித்தான் அடையாளம் இழந்தன. பல்கலைக்கழகம் இதை அதிகம் கண்டுகொள்ளாமல் இருந்ததும் ஒரு வகையில் காப்பாக ஆகிவிட்டது.

அதற்காக இனிமேலும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பைனெக்கியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஒரு பழைய சுவடியின் மேல் வெயில் படக்கூடாது என்று சுவரையே கல்லில் இழைத்த நிறுவனம் இது. இந்த மைதானமும் ஒரு மூலப் பிரதிதான். மூல வரைபடங்களையும், பேங்க்ஸ் ஒவ்வொரு குழிக்கும் எழுதிய விளக்கங்களையும், பழைய வான்படங்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு க்ரீனின் விளிம்பையும் முளை அடித்துக் குறிக்க முடியும். அதற்கான ஆவணக் காப்பகமும் ஆய்வாளர்களும் வேறு எந்த மைதானத்துக்கு இப்படிச் சொந்த வீட்டிலேயே இருக்கிறார்கள்?

நல்ல சேதியும் உண்டு. கில் ஹான்ஸ் என்ற வடிவமைப்பாளரிடம் மீட்டெடுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பழைய மைதானங்களை மூல வடிவத்துக்குக் கொண்டுவருவதில் பெயர் பெற்றவர். அதற்காக மைதானத்தை மூடப்போவதாக அப்போது சொன்னார்கள். இவனுக்கு அதில் மகிழ்ச்சியும் உண்டு, இங்கே இருக்கும் மிச்ச நாளில் ஆட முடியாதே என்ற கவலையும் உண்டு.

திரும்பும்போது மூன்றாவது குழியில் நாங்கள் இருவரும் வாக்குவாதமே செய்தோம். அப்போது அங்கே க்ரீன் ரேய்னர் வைத்த இடத்தில் இருக்கவில்லை. முதலில் அது மேட்டுக்குப் பின்னால், கிண்ணம்போல் குழிந்த இடத்தில் இருந்தது. பிற்காலத்தில் பக்கத்தில் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

"பழைய இடத்துக்கே கொண்டு போகணும் அத்தை. அதுதான் மூலம்."

"தண்ணி எங்கே போகும்?"

"அதான் தேங்குதுன்னு மாத்தினாங்கன்னு சொல்வாங்க. இப்போ நல்ல டிரெய்னேஜ் போடலாமே?"

போடலாம். ஆனால் அந்தக் கிண்ணத்தின் அடிமட்டத்துக்கும் பக்கத்துக் குளத்தின் நீர்மட்டத்துக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று முதலில் லெவல் எடுத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எடுக்க வேண்டும், கோடையில் எடுத்தால் கணக்கு பொய்யாகும். வித்தியாசம் போதுமானால் குழாய் இறக்கி, பழைய இடத்திலேயே க்ரீனை வைத்துவிடலாம். போதாவிட்டால் கிண்ணத்தையே கொஞ்சம் உயர்த்திக் கட்ட வேண்டும், வடிவம் மாறாமல். ரேய்னர் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் என்று இவனிடம் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. காரில் ஏறிய பிறகும் பேசிக்கொண்டே வந்தோம்.

நாளை காலை பாஸ்டன் ரயில்.